புதுப்பிக்கத்தக்க மின்கட்டமைப்பு நிலைத்தன்மையில் பிஎச்டி இடங்கள்: எதை எடுக்கலாம், எதைத் தள்ளலாம்

இந்தத் துறையின் பிஎச்டி விளம்பரங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. இன்வெர்ட்டர் (சூரிய, காற்று மின்சாரத்தை மாறுமின்னோட்டமாக்கிக் கட்டமைப்பில் சேர்க்கும் கருவி) பெருகுகிறது, நிலைமம் (சுழலும் ஜெனரேட்டர்கள் வேக மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) குறைகிறது, புதிய கட்டுப்பாட்டு முறை தேவை, வலுவான கணிதப் பின்னணி உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். வாசகம் ஒன்றுதான், உள்ளே காத்திருக்கும் வேலை ஆளுக்கு ஆள் வேறு. ஒருவர் நான்கு ஆண்டும் சமன்பாடு எழுதுவார், இன்னொருவர் யாரோ எழுதிய கணினி மாடலைச் சரிசெய்தே காலம் கழிப்பார், மூன்றாமவர் திட்ட அறிக்கை தட்டச்சு செய்துகொண்டிருப்பார்.

இது பல்கலைக்கழகத் தரவரிசை அல்ல. வரும் இடங்களை வகைவாரியாகப் பிரித்து, எது உழைப்புக்கு ஈடாகும் என்று பார்க்கும் முயற்சி. இதற்கு வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே: சேர்ந்த முதல் சில மாதங்களில் உங்கள் கையில் என்ன மாடல், என்ன கருவி, என்ன தரவு இருக்கும்? உதவித்தொகையும் ஊரின் பெயரும் இதற்குப் பிறகுதான்.

முதலில் தலைப்பு. ‘நிலைத்தன்மை’ என்பது ஒற்றைப் பொருள் அல்ல. 2004இல் வந்த வகைப்பாட்டில் ரோட்டர் கோணம் (ஜெனரேட்டர்கள் ஒன்றோடொன்று ஒத்துச் சுழல்வது), மின்னழுத்தம், அதிர்வெண் என்று மூன்றுதான் இருந்தன. 2020இல் மின்பொறியாளர்களின் உலக அமைப்பான ஐஇஇஇயின் பணிக்குழு அதில் இன்னும் இரண்டைச் சேர்த்தது: ஒத்ததிர்வு நிலைத்தன்மை, கன்வெர்ட்டரால் (இன்வெர்ட்டர் போன்ற மின்னணு மாற்றி) எழும் நிலைத்தன்மை. நேர்காணலில் நெறியாளரிடம் “இந்த ஐந்தில் எது நம் வேலை?” என்று கேளுங்கள். இரண்டைச் சொன்னால் நல்லது. “எல்லாமே” என்று பதில் வந்தால், தலைப்பு இன்னும் தீர்மானமாகவில்லை என்று பொருள். அதைத் தீர்மானிக்கவே உங்கள் முதல் ஆண்டு போய்விடும்.

தலைப்பில் ‘செயற்கை நிலைமம்’ (இன்வெர்ட்டரை நிலைமம் உள்ளதுபோல் நடக்கவைப்பது) மட்டும் இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அதன் அடிப்படைக் கணக்கு ஒரு வரியில் முடிகிறது: இழந்த திறனை அதிர்வெண்ணால் பெருக்கி, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்களின் சுழல் ஆற்றலின் இரு மடங்கால் வகுத்தால், அதிர்வெண் விழும் வேகம் கிடைக்கும். 50 ஹெர்ட்ஸ் கட்டமைப்பில் 30,000 எம்விஏ (மெகா வோல்ட் ஆம்பியர், இயந்திரத் திறனின் அலகு) இயந்திரங்கள், நிலைம மாறிலி (சுழல் ஆற்றலை இயந்திரத் திறனால் வகுத்தது) 4 நொடி, திடீரென 1,000 மெகாவாட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். விடை நொடிக்கு 0.21 ஹெர்ட்ஸ். இயந்திரங்களில் பாதியை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் இன்வெர்ட்டர் வைத்தால் 0.42. இதைச் சரிக்கட்ட இன்வெர்ட்டரில் அதிர்வெண் மாறும் வேகத்துக்கேற்பத் திறனைக் கூட்டும் ஒரு வகைக்கெழுவைச் சேர்க்கும் யோசனை மேல் ஏற்கெனவே மலைபோல் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. அளவீட்டு இரைச்சல், டிசி பக்க ஆற்றலின் வரம்பு, மின்னோட்ட உச்சவரம்பு ஆகிய மூன்றில் ஒன்றையாவது விளம்பரம் தொடவில்லை என்றால், அந்த இடத்தில் புதிதாகச் செய்ய அதிகம் மிச்சமில்லை.

மின்னோட்ட உச்சவரம்பு என்ற சொல் விளம்பரத்தில் கண்ணில் பட்டால் நின்று படியுங்கள். ஒத்தியங்கு ஜெனரேட்டர் (கட்டமைப்பின் அதிர்வெண்ணோடு ஒத்துச் சுழலும் வழக்கமான மின்னாக்கி), மின்தடத்தில் குறுக்குச்சுற்று போன்ற பழுது நேரத்தில் தன் மதிப்பீட்டு மின்னோட்டத்தைப்போல் ஐந்தாறு மடங்கு தரும். இன்வெர்ட்டரின் குறைக்கடத்தி சுவிட்சுகள் அதைத் தாங்காது, 1.1 முதல் 1.5 மடங்குக்குள் கட்டுப்பாடு பிடித்து நிறுத்திவிடும். கட்டமைப்பைத் தானே உருவாக்கும் (மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் தானே அமைக்கும்) வகை இன்வெர்ட்டர் இந்த உச்சவரம்பைத் தொட்ட நொடியில் மின்னழுத்த மூலமாக நடப்பதை விட்டு மின்னோட்ட மூலமாகிவிடுகிறது. அதன் பிறகு அது ஒத்திசைவில் தங்குமா, பழுது நீங்கியதும் பழைய நிலைக்குத் திரும்புமா என்ற கேள்விக்குப் பொதுவான விடை இன்னும் இல்லை. பிஎச்டி செய்யத் தகுந்த இடம் இதுதான்.

இனி வகைகள்.

பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஆராய்ச்சித் திட்டத்தின் கீழ் வரும் இடங்களில் பணம் உறுதி, பயணம் உண்டு, கூட்டாளிகள் உண்டு. ஆனால் எந்த மாதம் எந்த அறிக்கை கொடுக்க வேண்டும் என்பது நீங்கள் சேர்வதற்கு முன்பே எழுதியாகிவிட்டது. பதினெட்டாவது மாத அறிக்கைக்கு வேண்டியது கருவிகளின் ஒப்பீட்டு அட்டவணையாக இருக்கும். அதில் ஒரு வரிகூட ஆய்வேட்டுக்குப் பயன்படாது. திட்ட ஆவணத்தில் உங்கள் இடத்துக்கு எதிரே எழுதியிருக்கும் பணிப் பிரிவைக் காட்டச் சொல்லுங்கள். திட்டம் ஏற்கெனவே ஓராண்டு ஓடியிருந்தால், உங்கள் மூன்றாம் ஆண்டுச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட்டுப் பிறகு கையைப் பிசைவதில் பயனில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா கியூரி முனைவர் வலையமைப்பு இடங்களின் விதிகள் கறாரானவை. ஏற்கெனவே முனைவர் பட்டம் பெற்றவர் சேர முடியாது. வேலைக்கு எடுக்கும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், சேரப்போகும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் தங்கியிருக்கவோ முக்கியப் பணி செய்திருக்கவோ கூடாது. முதுகலையை எந்த நாட்டில் படித்தார்களோ அதே நாட்டில் விண்ணப்பித்து, இந்த ஒரு விதியில் அடிபடுகிறவர்கள் உண்டு. பயிற்சியும் பிற நிறுவனத்தில் தங்கிச் செய்யும் பணியும் நன்றாக அமையும். தொழிற்துறை முனைவர் வகையில் குறைந்தது பாதிக் காலம் கல்வி நிறுவனத்துக்கு வெளியே கழிய வேண்டும். குறை என்னவென்றால், வழக்கமாக உதவித்தொகை ஓடும் 36 மாதம் பல பல்கலைக்கழகங்களில் பட்டம் முடிக்கப் போதாது. மிச்சக் காலத்துக்கு யார் பணம் தருவார் என்ற கேள்வியை முதல் மின்னஞ்சலில் வேண்டாம், இரண்டாவதில் கேட்டுவிடுங்கள்.

மின்கட்டமைப்பை இயக்கும் நிறுவனமோ கருவி தயாரிப்பாளரோ பணம் போடும் இடங்கள்தான் இந்தத் துறையில் அதிக மதிப்புள்ளவை, அதிகம் கடிப்பவையும் அவையே. மதிப்பு ஏன் என்பதற்கு நடந்த சம்பவங்களே போதும். 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியா முழுதும் இருண்டது. புயலில் மின்தடங்கள் விழுந்து அடுத்தடுத்து மின்னழுத்தச் சரிவுகள் வந்தன. காற்றாலைகளின் பாதுகாப்பு அமைப்பு, இத்தனை நேரத்துக்குள் இத்தனை சரிவுதான் தாங்குவேன் என்று எண்ணிக்கொண்டிருந்தது. எண்ணிக்கை மீறியதும் ஏழு நொடிக்குள் 456 மெகாவாட் குறைந்தது. அந்த எண்ணிக்கை வரம்பு கட்டமைப்பை இயக்கியவர்களிடம் இருந்த மாடல்களில் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று கலிபோர்னியாவில் காட்டுத்தீ மூட்டிய பழுதில் சுமார் 1,200 மெகாவாட் சூரிய மின்சாரம் போனது. பெரும்பகுதிக்குக் காரணம், பழுதின்போது குலைந்த அலைவடிவத்தைப் பார்த்து இன்வெர்ட்டர்கள் அதிர்வெண் விழுந்துவிட்டதாகத் தவறாகக் கணக்கிட்டது. 2019 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டனில் ஹார்ன்சீ கடல் காற்றாலையின் மின்னழுத்தக் கட்டுப்பாடு அலைவில் சிக்கி 737 மெகாவாட் கழன்றது.

பாடப்புத்தக மாடலை வைத்து இவற்றில் ஒன்றையும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. தயாரிப்பாளரின் உண்மையான கட்டுப்பாட்டு மாடலும், பழுதுப் பதிவுக் கருவியின் தரவும் வேண்டும். அவற்றைத் தரக்கூடியவர்கள் இந்த வகைப் பணம் போடுபவர்கள் மட்டுமே.

கடிப்பது எங்கே? மாடல் கறுப்புப் பெட்டியாக வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத, தொகுத்து மூடிய கோப்பு. பிஎஸ்கேட் என்ற மின்கட்டமைப்பு சிமுலேஷன் மென்பொருளின் குறிப்பிட்ட பதிப்பிலும் குறிப்பிட்ட ஃபோர்ட்ரான் கம்பைலரிலும்தான் ஓடும். பதிப்பு மாறினால் பிழைச் செய்திகூடத் தெளிவாக வராது. ஒரு தயாரிப்பாளர் மாடல் 10 மைக்ரோ நொடிக் கணக்கீட்டுப் படி கேட்கும், அடுத்தவருடையது 20 கேட்கும். இரண்டையும் ஒரே கோப்பில் வைக்க முடியாமல் பிரித்து இணைக்கும் வேலையிலேயே வாரங்கள் ஓடும். சமன்பாடு இல்லாததால் நேர்கோட்டாக்கி ஐகன் மதிப்பு (அலைவு தணியுமா வளருமா என்று காட்டும் எண்) எடுக்க வழியில்லை. மிஞ்சுவது அதிர்வெண் வருடல்: முனையில் ஒரு சதவீத அளவில் சிறு மின்னழுத்த அதிர்வு கொடுத்து, திரும்பும் மின்னோட்டத்தை அளந்து, ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் மின்மறுப்பை (மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தது) கணக்கிடுவது.

அதன் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் நிலைமை புரியும். டி, க்யூ அச்சுகளில் (மூன்று கட்ட அளவுகளைச் சுழலும் இரண்டு அச்சுகளில் எழுதும் முறை) மின்மறுப்பு இரண்டுக்கு இரண்டு அணி. எனவே ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் ஒன்றையொன்று சாராத இரண்டு அதிர்வுகள். 100 அதிர்வெண் புள்ளி, 15 இயக்க நிலை என்றால் 3,000 ஓட்டம். ஓட்டத்துக்கு நான்கு நிமிடம் வைத்தாலும் 200 மணி நேரம், அதாவது ஒரு கணினி இடைவிடாமல் எட்டு நாளுக்கு மேல். பல அதிர்வெண்களை ஒரே அலையில் கலந்து கொடுத்தால் குறையும். ஆனால் அலை உச்சம் கட்டுப்பாட்டின் வரம்பைத் தொட்டுவிட்டால் அளந்ததெல்லாம் குப்பை. ஆய்வகத்தில் ஒரே ஒரு லைசென்ஸ், அதையும் நான்கு பேர் பங்கு போடுகிறார்கள் என்றால் இந்த எட்டு நாள் மாதமாகிவிடும். ஆகவே “எத்தனை லைசென்ஸ், ஒரே சமயத்தில் எத்தனை ஓட்டம்?” என்பது அற்பக் கேள்வி அல்ல.

ரகசிய ஒப்பந்தத்தையும் கையெழுத்துக்கு முன் முழுதாகப் படியுங்கள். கட்டுரையை அனுப்பும் முன் நிறுவனம் பார்க்க வேண்டும் என்பது வழக்கம்தான். 30 நாளுக்குள் பதில் வராவிட்டால் ஒப்புதலாகக் கொள்ளலாம் என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கால வரம்பில்லாத ஒப்புதல் விதி இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடலாம். இடைவழி ஒன்று உண்டு: முறையைத் திறந்த மாடலில் நிரூபித்துக் கட்டுரையாக்குவது, ரகசிய மாடலில் ஓட்டிய விடையை எண்ணில்லாத வரைபடமாகக் காட்டுவது. இதற்கு ஒப்புக்கொள்ளும் நிறுவனம் என்றால் இந்த வகைக்கு முதல் இடம் கொடுக்கலாம்.

சொந்த முன்மொழிவுடன் தேசிய உதவித்தொகையில் சேரும் இடங்களில் சுதந்திரம் முழுதும் உங்களுடையது, தரவு இல்லாத தவிப்பும் உங்களுடையது. கணிதப் பக்கம் சாய்ந்தவர்களுக்குப் பொருந்தும். பாடங்களும் தகுதித் தேர்வும் சேர்ந்து ஐந்தாண்டு நீளும் அமெரிக்க முறைக்கு ஒரு சாதகம்: மின்னணுத் திறன் மாற்றி படித்து வந்தவர் கட்டமைப்பைக் கற்கவும், கட்டமைப்பு படித்தவர் கட்டுப்பாட்டியல் கற்கவும் அவகாசம் உண்டு. மூன்றாண்டு இடங்களில் அந்த இடைவெளியை நீங்களே இரவில் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

ஆய்வகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இணையதளப் படங்களில் ஆர்டிடிஎஸ், ஒபால்-ஆர்டி, டைஃபூன் போன்ற நிகழ்நேர சிமுலேட்டர் அலமாரிகள் பளபளக்கும். அது இருப்பது வேறு, உங்களுக்குக் கிடைப்பது வேறு. வாரத்தில் எத்தனை மணி நேரம், அதை ஓட்டத் தெரிந்த தொழில்நுட்பர் இருக்கிறாரா, கடைசியாக அதில் ஓட்டிய முடிவோடு எந்தக் கட்டுரை வந்தது என்று கேளுங்கள். உண்மை இன்வெர்ட்டரைப் பெருக்கி வழியாக இணைக்கும் சோதனை இருந்தால், அவர்கள் இடைமுகத் தாமதத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது நல்ல கேள்வி. எளிய இணைப்பு முறையில், சிமுலேட்டருக்குள் இருக்கும் மூல மின்மறுப்பு வெளியே இருக்கும் கருவியின் மின்மறுப்பைவிடப் பெரிதானால், தாமதத்தின் காரணமாகச் சோதனையே அலைந்து அறுந்துபோகும். பலவீனமான கட்டமைப்பில் மூல மின்மறுப்பு பெரியது. ஆக, எந்த நிலையைச் சோதிக்க ஆசைப்படுகிறோமோ அங்கேயே சோதனைமேடை முதலில் காலை வாருகிறது. இதை ஏற்கெனவே அனுபவித்தவர்கள் வடிகட்டி போட்டோம், துல்லியத்தில் இவ்வளவு இழந்தோம் என்று உடனே சொல்வார்கள். கேள்வி புரியாத முகம் தெரிந்தால் அலமாரி படத்துக்காக வாங்கியது.

கருவிகள் இல்லாத இடத்தை உடனே ஒதுக்க வேண்டியதில்லை. ஆண்டீஸ், பிரெஞ்சு மின்கடத்தல் நிறுவனம் ஆர்டிஈ வெளியிட்ட டைனாவோ போன்ற திறந்த மென்பொருள்கள் மெதுவான நிகழ்வுகளுக்குப் போதும். எது போதும் என்பதைத் தீர்மானிப்பது கால அளவு. ஆர்எம்எஸ் வகை (அலையின் வீச்சையும் கோணத்தையும் மட்டும் பார்க்கும்) சிமுலேஷன் 5 மில்லி நொடிப் படியில் 10 நொடி நிகழ்வை 2,000 படியில் முடிக்கும். ஈஎம்டி வகை (அலைவடிவத்தை முழுதாகக் கணக்கிடுவது) 50 மைக்ரோ நொடியில் 2,00,000 படி. சுவிட்சு ஒவ்வொன்றையும் காட்ட 1 மைக்ரோ நொடி என்றால் ஒரு கோடி. பத்து ஜெனரேட்டர் கொண்ட 39 பஸ் (இணைப்பு முனை) சோதனைக் கட்டமைப்பைக் கன்வெர்ட்டர்களுடன் ஈஎம்டியில் புதிதாகக் கட்டி, தொடக்க நிலையில் ஆடாமல் நிற்க வைப்பதே தனி ஆளுக்கு மாதக்கணக்கான வேலை. “நம்மிடம் சரிபார்த்த 39 பஸ் மாடல் இருக்கிறது” என்று ஒரு குழு சொன்னால் அது பாதி ஆண்டை மிச்சப்படுத்தும் சொத்து. பழைய மாணவர் விட்டுப்போன, யாரும் திறக்காத கோப்பு என்றால் அது சொத்து அல்ல, கடன்.

விண்ணப்பம் எழுதுவதற்கு நீண்ட நோக்க அறிக்கையைவிட நான்கு பக்கச் சிறு வேலை ஒன்று அதிகம் பேசும். நான்கு ஜெனரேட்டர் உள்ள இரு பகுதிச் சோதனைக் கட்டமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மாற்றம் எதுவும் செய்யாமல் ஓட்டி, இரு பகுதிகளும் ஒன்றை எதிர்த்து ஒன்று ஊசலாடும் அரை ஹெர்ட்ஸை ஒட்டிய அலைவு தெரிகிறதா என்று உறுதி செய்யுங்கள். தெரியவில்லை என்றால் எக்ஸைட்டர் (ஜெனரேட்டரின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) அல்லது தணிப்புத் தரவில் தவறு, மேலே போகாதீர்கள். பிறகு ஒரு ஜெனரேட்டரை எடுத்துவிட்டு அதே திறனுள்ள, கட்டமைப்பைப் பின்தொடரும் இன்வெர்ட்டரை வையுங்கள். இணைப்பு மின்மறுப்பை ஏற்றி, குறுக்குச்சுற்று விகிதத்தை 5, 3, 2, 1.5 என்று இறக்குங்கள். விகிதம் என்பது அந்த முனையின் குறுக்குச்சுற்றுத் திறனை ஆலையின் திறனால் வகுத்தது. 300 எம்விஏ முனையில் 100 மெகாவாட் ஆலை என்றால் 3. ஒவ்வொரு விகிதத்திலும் பிஎல்எல் (கட்டமைப்பின் அலையோடு இன்வெர்ட்டரை ஒத்திசைக்கும் வளையம்) பட்டையகலத்தை, அதாவது அது பதிலளிக்கும் வேகத்தை, 5 ஹெர்ட்ஸிலும் 20 ஹெர்ட்ஸிலும் வைத்து ஐகன் மதிப்புகளை வரையுங்கள். வேகமான பிஎல்எல் வலுவான கட்டமைப்பில் நல்ல பிள்ளையாக இருந்து, விகிதம் இரண்டை நெருங்கும்போது எப்படி வலப்பக்கம், அதாவது நிலையின்மைப் பக்கம், நகர்கிறது என்பது ஒரே படத்தில் தெரியும்.

நகராவிட்டால் பெரும்பாலும் காரணம் ஒன்று: நீங்கள் எடுத்த பொதுவான ஆர்எம்எஸ் மாடலில் பிஎல்எல்லும் உள் மின்னோட்ட வளையமும் சுருக்கப்பட்டிருக்கும், அல்லது அடியோடு இருக்காது. அதைக் கண்டுபிடித்து, எந்த விகிதத்துக்குக் கீழே இந்த மாடலை நம்பக் கூடாது என்று அரைப் பக்கம் எழுதினால், அந்த அரைப் பக்கமே மற்ற மூன்றரையைவிட மேல். அருகருகே பல ஆலைகள் இருந்தால் இந்த எளிய விகிதம் நிலைமையை நல்லதாகக் காட்டி ஏமாற்றும் என்ற குறிப்பையும் சேருங்கள். நேர்காணலில் அடுத்த கேள்வி அங்கிருந்து வரும்.

தலைப்புகளில் இப்போது எது கனமானது என்றால், 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்ட சம்பவத்துக்குப் பிறகு மின்னழுத்தக் கட்டுப்பாடு மீண்டும் நடுவரங்குக்கு வந்திருக்கிறது. மின்னழுத்தம் உயர்ந்து, அதனால் ஆலைகள் கழன்று, கழன்றதால் இன்னும் உயர்ந்து போன தொடர் அது. நிலைமத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்த அடி. காற்றாலை, சூரிய ஆலைகளின் வினைத்திறன் (ரியாக்டிவ் பவர், மின்னழுத்தத்தை ஏற்றி இறக்குவது) கட்டுப்பாட்டை ஆலை மட்டத்தில் ஆராயும் இடங்களை முன்பு சாதாரணமாகக் கடந்துபோயிருந்தால், இப்போது திரும்பிப் பாருங்கள். ஐஇஇஇ 2800-2022 போன்ற இணைப்புத் தரங்களை மாடலோடு சரிபார்க்கும் வேலை கேட்கச் சப்பென்று இருக்கும்; ஆனால் முடித்தவருக்கு வெளியே வேலை காத்திருக்கும். இயந்திரக் கற்றல் ஒட்டிய தலைப்புகளில், பயிற்சித் தரவு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். எல்லாமே சிமுலேஷனில் தயாரித்தது என்றால், தெற்கு ஆஸ்திரேலியாவில் நடந்ததுபோல் அந்த மாடலில் இல்லாத எண்ணிக்கை வரம்பை எந்த வலையமைப்பும் கற்றுக்கொள்ளாது.

நெறியாளர் விஷயத்தில் ஒன்றே ஒன்று. அவருடைய கடைசி மூன்று மாணவர்களின் ஆய்வேடுகளை எடுத்து, நன்றியுரையைத் தாண்டி, பின்னிணைப்பைப் பாருங்கள். கட்டுப்பாட்டு அளவுருக்கள் முழுதும் அட்டவணையாக இருக்கின்றனவா? அடிப்படை எம்விஏ, வடிகட்டி மதிப்புகள், வரம்புகள் எல்லாம் இருந்து, அதை வைத்து மற்றொருவர் அதே வரைபடத்தை எடுக்க முடியும் என்றால் அந்தக் குழுவில் வேலை ஒழுங்காக நடக்கிறது. அளவுருவே இல்லாத வளைவுகள் மட்டும் என்றால், நீங்கள் சேர்ந்தபின் முதலில் செய்யப்போவது அந்த வளைவுகளை மறுபடி எடுக்க முயன்று தோற்பது.

சேரும் கடிதத்தில் கையெழுத்திடும் முன் இன்னொன்று. நீங்கள் எழுதும் மாடலும் நிரலும் பட்டம் முடிந்தபின் யாருக்குச் சொந்தம், வெளியே எடுத்துப் போகலாமா, திறந்த உரிமத்தில் வெளியிடலாமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். கல்விக்கான லைசென்ஸ், கல்லூரி முகவரி மூடிய நாளோடு நிற்கும். பூட்டிய வடிவத்தில் சேமித்த நான்காண்டு கோப்புகளை அதன்பிறகு உங்களாலேயே திறக்க முடியாது. அளவுருக்களை எளிய உரைக் கோப்பிலும், முடிவுகளைப் பொதுவான அட்டவணை வடிவிலும் முதல் வாரத்திலிருந்தே சேமிக்கத் தொடங்குங்கள்.